அடுப்பிற் பூத்த ஆம்பி

வறுமையைப் பாடிய சங்கப் புலவர் பலர். அவருள் பெருந்தலைச் சாத்தனார் காட்டும் அடுப்பொன்று, படித்தவர் நெஞ்சை விட்டு எளிதில் நீங்காதது. புறநானூற்றின் 164ஆம் பாட்டிலே அது வருகின்றது. சமைக்கும் தொழிலை மறந்து நெடுநாளாகிவிட்ட அந்த அடுப்பில் ஆம்பி முளைத்துக் கிடக்கின்றது. தாயின் முலையிற் பாலில்லை, குழந்தை அழுகின்றது. தம்பியால் நாடிழந்து காட்டில் மறைந்து வாழ்ந்த குமணனிடம் புலவர் கொண்டு சென்ற செய்தி இது. நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையிலும் இதனையொத்த அடுக்களையொன்று உண்டு. அங்கே பழஞ்சுவரைக் கறையான் அரித்திருக்கின்றது. அரித்த புழுதியிலே காளாம்பி பூத்திருக்கின்றது. அவ்வீட்டார் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைப் பறித்து, உப்புமின்றி அவித்து, அயலார் காணாதபடி கதவையடைத்துச் சுற்றத்தாரோடு பகிர்ந்துண்ணுகின்றனர்.

ஆம்பி என்பதும் காளாம்பி என்பதும் இக்காலத்தார் காளான் என வழங்கும் பொருளே. இரு புலவரும் அதனை வறுமையின் அடையாளமாகவே வைத்தனர். குப்பைக் கீரையை உண்டவர்கள் சுவரிலே பூத்த ஆம்பியையும் உண்டனர் என்று நத்தத்தனார் கூறவில்லை. உண்ணத்தகாத வகையாயிருந்திருக்கலாம், அச்சமாகவும் இருந்திருக்கலாம். எவ்வாறாயினும், மனிதன் கைவிட்ட இடத்தில், மட்கிப்போகும் பொருளின் மேல், எவரும் விதையாமல் முளைப்பது அது என்ற எண்ணம் அன்றே வேரூன்றியிருந்தது. அந்த எண்ணம் மாறி, வீட்டிற் கழிக்கும் வைக்கோலிலும் தாளிலும் சக்கையிலும் அதே ஆம்பியை வேண்டுமென்றே விளைவித்து உண்ணலாம் என்ற நிலை வருவதற்குப் பன்னூறு ஆண்டுகள் சென்றன.

இத்தனை காலம் சென்றமைக்குக் காரணம் உண்டு. நெல்லுக்கு விதையுண்டு, கிழங்குக்கு முளையுண்டு, வாழைக்குக் கன்றுண்டு. காளானுக்கோ கண்ணாற் காணத்தக்க விதை எதுவுமில்லை. இடியிடித்த மறுநாட் காளான் கிளம்பும் என்பது நம் நாட்டுக் கிராமத்தார் கூற்று. பண்டைய கிரேக்கரும் உரோமரும் அவ்வாறே அதனை இடியோடு சேர்த்துப் பேசினர். உண்மையிற் காளான் என நாம் பறிப்பது ஒரு பங்கசின் பழம்போன்ற உறுப்பு மட்டுமே. அதன் உடல் மரத்துக்குள்ளும் மண்ணுக்குள்ளும் வைக்கோலுக்குள்ளும் நுண்ணிய வெண்ணிழைகளாய்ப் பரந்து கிடக்கும். அதனிடம் பச்சையம் இல்லை. ஆகவே சூரிய ஒளியைக் கொண்டு உணவாக்க மாட்டாது. செத்த செடிகொடிகளைக் கரைத்து உண்டே அது வாழ்கின்றது. மரத்துக்கு உறுதி தரும் இலிக்னின் என்னும் பொருளை மாட்டின் வயிறுகூடச் சரிவரச் செரிக்காது; காளான்களுட் பல அதனைச் சிதைத்து உண்ண வல்லவை. குடைபோல் விரியும் உறுப்பின் அடியிலிருந்து கோடிக்கணக்கான வித்திகள் உதிர்கின்றன. அவை தூசியினும் நுண்ணியவை. அவற்றைக் கண்டவரும் விதையென்று கருதினாரில்லை.

மனிதன் அறியுமுன்னரே இத்தொழிலை அறிந்த உயிர் ஒன்றுண்டு. சிறுபாணாற்றுப்படை காளாம்பியோடு சேர்த்துக் காட்டிய கறையானே அது. கறையான் இனங்கள் எல்லாவற்றுக்கும் இத்திறம் இல்லை. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் புற்றெடுத்து வாழும் ஒரு பிரிவுக்கே உண்டு. அவை காய்ந்த சருகையும் மரத்தையும் அரித்துக் கொணர்ந்து, தம் வயிற்றின் வழியே செலுத்தி, கடற்பஞ்சினையொத்த அடைகளாகப் புற்றினுள்ளே கட்டுகின்றன. அவ்வடைகளில் ஒருவகைப் பங்கசு வளர்கின்றது. அது தோற்றுவிக்கும் சிறு வெண்மணிகளும், பங்கசினால் இளகிய பழைய அடையும் அவற்றின் உணவாகும். ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகளாக இந்தக் கூட்டுவாழ்வு நடந்துவருகின்றது என்பது இற்றை அறிஞர் கணிப்பு. மழைக்காலத்திற் புற்றருகே கூட்டமாகக் கிளம்பும் புற்றுக்காளான் இந்தத் தோட்டத்திலிருந்து வெளிவந்ததேயாம்.

இவ்வுண்மையை முதன்முதல் ஐரோப்பிய விஞ்ஞான உலகுக்கு எழுதியறிவித்தவர் தமிழ்நாட்டிலே வாழ்ந்தவர் என்பது பலர் அறியாத செய்தி. லின்னேயசின் மாணாக்கரான யோகான் கெர்காட் கோனிக் என்னும் மருத்துவர், 1768ஆம் ஆண்டிலே தரங்கம்பாடியிலிருந்த டேனியர் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார். தஞ்சைச் சீமையின் கறையான் புற்றுக்களை வெட்டி ஆராய்ந்து, 1779ஆம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். புற்றினுட் காணப்பட்ட பங்கசு பற்றிய செய்தி அதனுள் இருந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்குப் பின், பேராதனைத் தாவரவியற் பூங்காவிற் பணிபுரிந்த தொம் பெச் என்பார், இலங்கைப் புற்றுக்களின் பங்கசுத் தோட்டங்களை விரிவாக ஆராய்ந்து 1906ஆம் ஆண்டில் எழுதினார். புற்றுக்காளானின் சுவையை விரும்பாதவர் அரியர். ஆயினும், கறையானின் துணையின்றி அதனைப் பண்ணைப் பயிராக விளைவிக்கும் வித்தை மனிதனுக்கு இன்னும் சரிவரக் கைவரவில்லை. கறையான் எளிதிற் செய்வதை மனிதர் வேறு காளான்களிடத்திலேதான் கற்றுக்கொண்டனர்.

மனிதருள் முதலிற் கற்றவர் கிழக்காசியர். சீனத்தில் மரச்செவிக் காளானை வெட்டிய மரக்கட்டைகளில் வளர்க்கும் வழக்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. மணமிக்க சிட்டாக்கே என்னும் காளானை மலைக்காடுகளில் விளைவித்த முறையை, 1313ஆம் ஆண்டில் வாங் செங் என்பவர் தம் வேளாண்மை நூலிலே குறித்துள்ளார். மரத்தை வெட்டி வீழ்த்திப் பட்டையைக் கோடரியாற் கொத்தி, நிழலிற் கிடத்தி, காற்றிலே வரும் வித்தி அதில் வந்து தங்கும் என்று காத்திருப்பதே அம்முறை. வித்தி வந்தால் விளைச்சல்; வாராவிடின் பட்டினி. யப்பானிய மலைக்குடிகள் கடன்பட்டு மரம் வாங்கி, அம்மரக்கட்டைகளின் முன் நின்று காளான் முளைக்க வேண்டிப் பிரார்த்தித்ததை மாணவப் பருவத்திற் கண்டு மனமிரங்கியவர் கிசாக்கு மோரி என்பர். 1940களின் தொடக்கத்தில் அவர் பங்கசு வளர்ந்த சிறு மர ஆப்புக்களைக் கட்டைகளில் அடித்துப் புகுத்தும் முறையை வகுத்தார். காற்றை நம்பியிருந்த தொழில் அதன்பின்னரே கைத்தொழிலாயிற்று.

ஐரோப்பாவில் இக்கதை வேறு வழியிற் சென்றது. அங்கே காளான் வளர்ப்புக்குத் தாய்வீடு காடன்று, குதிரைச் சாணம். 17ஆம் நூற்றாண்டிற் பாரிசு நகரத்தில் ஆயிரக்கணக்கான குதிரைகள் இருந்தன. பிரபுக்களின் வண்டிக்கு, படைக்கு, பாரம் இழுப்பதற்கு என எங்கும் குதிரையே. இலாயங்களிலிருந்து வைக்கோலோடு கலந்த சாணம் நாள்தோறும் குவிந்தது. நகரின் புறத்தே முலாம்பழம் முதலியவற்றைப் பயிரிட்ட தோட்டக்காரர் அதனை வாங்கிப் பாத்திகளிலிட்டனர். அப்பாத்திகளில் வெண்ணிறக் காளான்கள் தாமே முளைப்பதை அவர்கள் கண்டனர். பறித்துச் சந்தைக்கு அனுப்பியபோது நல்ல விலை கிடைத்தது. பழைய பாத்தியின் வெண்பூஞ்சு படர்ந்த எருக்கட்டியைப் புதிய பாத்தியில் வைத்தால் அங்கும் காளான் வரும் என்பதையும் கண்டுகொண்டனர். கற்றவர் எவரும் கற்பியாமல் நகரக் குப்பையை வைத்தே அவர்கள் பெற்ற அறிவு இது.

1707ஆம் ஆண்டிலே துர்னபோர் என்னும் தாவரவியலறிஞர் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் முன் இத்தொழிலை விவரித்தார். சாணத்தை அடுக்குதல், மட்குமளவும் காத்தல், அதில் வெண்மயிர் போன்ற இழை படர்தல், மேலே மண்மூடுதல் ஆகிய யாவும் அவருரையில் உண்டு. அந்த வெண்மயிரே காளானுக்கு மூலம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். தோட்டக்காரர் மண்மூடியதற்குக் காரணம் அறியார். மூடாவிடின் காளான் வரவில்லை, ஆகவே மூடினர். இன்றைய மொட்டுக் காளான் பண்ணைகளிலும் அவ்வாறே மேல்மண் இடுகின்றனர்.

இக்காளானுக்குக் குளிர்ச்சியும் ஈரமும் வேண்டும், வெளிச்சம் வேண்டியதில்லை. பாரிசு நகரின் அடியிலோ, கட்டிடங்களுக்குக் கல்லெடுத்துக் கைவிட்ட சுரங்கங்கள் மைல்கணக்கில் இருந்தன. கோடையிலும் மாரியிலும் அவற்றுள் வெப்பநிலை பெரிதும் மாறாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தோட்டக்காரர் அங்கே இறங்கினர். விளக்கைப் பிடித்துக்கொண்டு, குனிந்து செல்லவேண்டிய குகைகளில் நீண்ட பாத்திகளை அமைத்தனர். கைவிட்ட சாணம், கைவிட்ட குகை ஆகிய இரண்டின் கூட்டால் விளைந்த பயிர் பாரிசுக் காளான் என்ற பெயரோடு சீமான்களின் உணவுமேசைக்கு ஏறியது. இதனையொத்த ஒன்று அமெரிக்காவிலும் நிகழ்ந்தது. பென்சில்வேனியாவின் கென்னற் சதுக்கம் என்னும் ஊரிற் கண்ணாடி வீட்டுக்குள்ளே பூச்செடி வளர்த்தவர்கள், செடிமேடைகளின் கீழே வீணாய்க் கிடந்த இருட்டான இடத்தை என்செய்யலாம் என்று 1880களில் எண்ணினர். அங்கே காளானை இட்டுப் பார்த்தனர். அவ்வூர் பின்னர் காளானாலேயே பேர்பெற்றது; பூவை இன்று எவரும் நினைப்பாரில்லை.

ஆயினும் குகைத் தொழிலில் ஒரு குறையிருந்தது. பழைய பாத்தியிலிருந்து எடுத்த வித்து, பழைய பாத்தியின் நோயையும் உடன் கொண்டுவந்தது. நோய் புகுந்த குகைகளில் விளைச்சல் அற்றுப்போயிற்று. குடும்பங்கள் குகை மாறி அலைந்தன. பாரிசிலிருந்த பாஸ்டர் நிலையத்துடன் தொடர்புகொண்டு இதனை ஆராய்ந்த கொஸ்தாந்தென், மத்ருஷோ என்னும் இருவர், 1894ஆம் ஆண்டளவிலே வித்தியை முளைக்கச்செய்து, பிற நுண்ணுயிர் கலவாத தூயவித்தை உண்டாக்கினர். முறையை அவர்கள் வெளியிடாது காத்தனர். விஞ்ஞானம் வியாபாரத்தோடு கைகோக்கும்போது இது வியப்பன்று; ஆனால் ஏழைக் குகைத் தொழிலாளிக்கு அதனாற் பயன் குறைந்தது. 1902ஆம் ஆண்டில் மார்கரெட் பெர்கூசன் என்னும் அமெரிக்கப் பெண்மணி வித்தி முளைக்கும் வகையை வெளிப்படையாக எழுதினார். 1905ஆம் ஆண்டில் பெஞ்சமின் டுகர் வித்தியே வேண்டாம், காளானின் உட்சதையிற் சிறு துண்டொன்றைத் தூய்மையாக எடுத்து வளர்த்தாலே போதும் என்று காட்டினார். நாற்பது ஆண்டுகளுக்குப்பின் ஓரியோமைசின் என்னும் மருந்தைக் கண்டெடுத்தவரும் இதே டுகர்தாம். 1932ஆம் ஆண்டிற் பென்சில்வேனியாவைச் சேர்ந்த சிண்டன் என்பவர் அவித்த தானியத்தின்மேற் பங்கசைப் படரவிடும் முறைக்கு உரிமம் பெற்றார். இன்று வீட்டிற் காளான் வளர்க்க விரும்புவோர் விலைகொடுத்து வாங்கும் வித்துப்பையினுள் வெள்ளைப் பஞ்சுபோற் காணப்படுவது இதுவே: ஒவ்வொரு தானியமும் ஒரு விதையாகி நிற்கின்றது. தமிழ்நாட்டிற் பெரும்பாலும் சோளத்தையே இதற்குக் கொள்கின்றனர்.

குதிரைக்கு என்னாயிற்று என்பதும் கேட்கத்தக்கது. மோட்டார் வண்டி பெருகியதும் குதிரை குறைந்தது. குதிரை குறைந்ததும் சாணம் அருகியது. ஆகவே வைக்கோலோடு பிற எருப்பொருள்களைச் சேர்த்து மட்கவைத்துக் கூட்டெரு ஆக்கும் முறைகளை 1930களில் ஆராயத் தொடங்கினர். ஒரு குப்பை இல்லையாயின் மற்றொரு குப்பை என்ற இந்த மாற்றமே பின்வந்த யாவற்றுக்கும் வழிகாட்டிற்று.

வெப்பநாடுகளுக்கு மொட்டுக் காளான் ஒவ்வாது. குளிர்ச்சிச் சாதனமின்றி நம் சமவெளியில் அது விளையாது. வெப்பநாட்டாருக்கு வாய்த்தது வைக்கோற் காளான். தென்சீனத்தின் குவாங்துங் மாகாணத்தில் நன்குவா என்னும் பௌத்த மடமொன்றுண்டு. அதன் துறவிகள் ஊனுண்ணாதவர். நெல்லறுத்து மிஞ்சிய வைக்கோலிலே காளான் விளைவித்து உணவில் அவர்கள் சேர்த்தனர். நன்குவாக் காளான் என்ற பெயர் 1822ஆம் ஆண்டின் மாகாண வரலாற்றுத் தொகுப்பிற் பதிவாகியுள்ளது. முட்டை வடிவிற் கிளம்பி, உறை கிழித்து, பின் சாம்பல்நிறக் குடையாய் விரிவது அது. 30 முதல் 35 பாகை சென்ரிகிரேட்டு வெப்பத்தில் அது செழிக்கும். பாத்தியிட்டு இரண்டு வாரத்துக்குள்ளேயே பெரும்பாலும் பறிக்கலாம். 1930களின் முற்பகுதியிற் கடல்கடந்த சீனக் குடியேறிகள் இக்கலையை மலாயாவுக்கும் பிலிப்பைன் தீவுகளுக்கும் கொண்டுசென்றனர். பெட்டியில் அவர்கள் கொண்டுபோன பொருள் சிறிது. கையிற் கொண்டுபோன தொழிலோ அந்நாட்டு வயலோரங்களில் நிலைத்துவிட்டது.

தமிழகத்திற்கு இக்கலை வந்த ஆண்டு 1943. கோயம்புத்தூர் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய தாமஸ், இராமகிருஷ்ணன், நரசிம்மலு ஆகிய மூவர், வைக்கோற் காளானை விளைவிக்கும் முறையை அவ்வாண்டில் எழுதி வெளியிட்டனர். இந்தியாவில் உணவுக்காளான் பயிரிடலின் தொடக்கம் என்று பெரும்பாலோர் கூறுவது இதனையே. அவ்வாண்டு எத்தகையது என்பதையும் நினைத்தல் வேண்டும். உலகப்போர் நடந்துகொண்டிருந்தது, பர்மா அரிசி வரவில்லை, வங்காளத்திலே இலட்சக்கணக்கானோர் பஞ்சத்தால் மாண்டனர். அந்நாளில் வைக்கோலிலிருந்து உணவெடுப்பது ஆய்வுகூட விளையாட்டாக எவருக்கும் தோன்றியிராது. அவர்கள் காட்டிய வழியிலே, வைக்கோலைக் கற்றைகளாகக் கட்டி நீரில் ஊறவைத்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அடுக்குகளின் ஓரத்தில் வித்தும் பருப்புத்தூளும் தூவிப் பாத்தி அமைத்தனர். எனினும் அது குடியானவர் வீடுகளில் எளிதிற் பரவவில்லை. வைக்கோற் காளான் பறித்த ஓரிரு நாளிலே நீர்த்துப்போகும். குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் கெடும். விளைச்சலும் வைக்கோலின் எடையை நோக்கக் குறைவு. 1970களில் ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகத்துச் சாங் சூ திங், ஆலைகளிற் கழிக்கும் பருத்திக் கழிவை வைக்கோலுக்குப் பதிலாக இட்டு விளைச்சலைப் பெருக்கிக் காட்டினார்.

வீட்டுக்கு உகந்ததாய் வந்து நின்றது சிப்பிக் காளான். கிளிஞ்சல்போல் ஒருபக்கம் விரியும் அதனை, 1917ஆம் ஆண்டில், முதலாம் உலகப்போரின் நடுவே, ரிச்சார்ட் பால்க் என்னும் செருமானியர் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளில் வளர்த்தார். 1962ஆம் ஆண்டில் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்துச் சக்கியா பானு, சிறீவத்சவா இருவரும் அதன் வகையொன்றை நெல் வைக்கோலில் விளைவித்தனர். 1974ஆம் ஆண்டளவில் இமயமலை அடிவாரத்துச் சோலனில் மற்றொரு வகை வாழைத்தண்டிலும் வைக்கோலிலும் விளைந்தது. அதற்குச் சூட்டிய இனப்பெயர் சாயோர் காயு என்பது. மலாய் மொழியிற் சாயுர் என்றால் கறி, காயு என்றால் மரம். நம்மவர் காய்கறியைக் குறிக்க வழங்கும் மரக்கறி என்ற சொல்லுக்கு இதைவிட நேரான மொழிபெயர்ப்பு வேண்டுமோ! அப்பெயர் தவறாக இடப்பட்டது, அக்காளான் வேறோர் இனம் என்று தாவரவியலார் பின்னர்த் தீர்த்தனர். ஆயினும் சந்தையில் அப்பெயர் நின்றுவிட்டது.

இலங்கையில் இத்தொழில் 1980களிலேதான் பரவத் தொடங்கிற்று. இங்கே வைக்கோலினும் மிகுதியாகக் கைகொடுத்தது றப்பர் மரத்தூள். பால்வற்றி வெட்டப்படும் றப்பர் மரங்களை அறுக்கும் ஆலைகளிற் குவிந்துகிடந்த தூளோடு, அரிசித் தவிடும் சிறிது சுண்ணாம்புத்தூளும் கலந்து, பைகளில் அடைத்து, ஆவியில் வேகவைத்து வித்திடுவர். ஒரு சிற்றறையும் சில தட்டுகளும் உள்ள குடும்பத்துக்கு இது போதும். பெண்கள் பலர் இதனை வீட்டுத் தொழிலாகக் கொண்டனர்.

வீட்டுக் கழிவிலே வளர்ப்பதெனிற் செய்முறை பின்வருமாறு அமையும். காய்ந்த வைக்கோல், காய்ந்த வாழைத்தண்டு, கரும்புச் சக்கை, சோளப்பொத்தியின் சக்கை, அச்சடித்த செய்தித்தாள் ஆகியவை ஏற்றவை. பளபளக்கும் வண்ணத்தாள் ஆகாது. விரற்கணு அளவு நறுக்கி, சிலமணி நேரம் நீரில் ஊறவைத்து, பின் ஏறக்குறைய 80 பாகை வெப்பமுள்ள நீரில் ஒருமணி நேரம் வைத்தல் வேண்டும். காளான் வெல்லுமுன் மற்றப் பூஞ்சணங்கள் வென்றுவிடாதிருக்கவே இந்தச் சூடு. கோப்பி மண்டிக்கு ஒரு நன்மையுண்டு: கொதிநீர் ஊற்றி வடித்ததால் அது முன்னரே சூடேறியது. ஆனால் அன்றன்றே பயன்படுத்த வேண்டும். இரண்டு நாள் கிடந்தாற் பச்சைப் பூஞ்சணம் பிடித்துவிடும். தேயிலைச் சக்கையும் அவ்வாறே. தனியே இடாது வைக்கோலோடு கலப்பது நன்று.

நீரை வடித்து, கையாற் பிழிந்தால் ஓரிரு துளியே சிந்தும் பதத்திற் பொலித்தீன் பையில் ஓரடுக்கு வைக்கோல், ஓரடுக்கு வித்து என நிரப்பி, இறுகக் கட்டி, சில துளையிட்டு, இருளான இடத்தில் தொங்கவிடுவர். ஏறக்குறைய 15 முதல் 20 நாளிற் பை முழுவதும் வெண்ணிறமாகிவிடும். இத்தருணத்திற் பலர் பொறுமையிழந்து நாள்தோறும் பையைப் பிரித்துப் பார்த்துக் கெடுத்துவிடுகின்றனர். வெண்மை நிறைந்தபின்னரே பையைக் கீறி, சிறிது வெளிச்சமும் நல்ல காற்றும் தந்து, நாளுக்கு இருமுறை நீர் தெளித்தல் வேண்டும். சில நாளிற் குண்டூசித் தலைபோல் மொட்டுகள் தோன்றும். மேலும் மூன்று நான்கு நாளிற் பறிக்கலாம். ஒரே பையில் இரண்டு மூன்று முறை விளையும். நன்கு அமைந்தால் ஒரு கிலோ காய்ந்த வைக்கோல் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை புதிய காளானைத் தரும். குடை முற்ற விரியுமுன் பறித்தல் வேண்டும். முற்றினால் உதிரும் வித்தி, மூடிய அறையிற் சுவாசிப்போருக்கு இருமலும் காய்ச்சலும் தரக்கூடும். படுக்கையறையிற் பை தொங்கவிடுவோர் இதனை மறத்தலாகாது.

இனி, இதனாற் குப்பை முழுவதும் உணவாகிவிடும் என்று எண்ணுவது மிகையாகும். 2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளிற் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் மலைபோற் குவித்த குப்பை சரிந்து வீடுகளை மூடியதில் 32 பேர் உயிரிழந்தனர். அம்மலையில் இருந்தவற்றுட் பெரும்பகுதி சோறும் கறியும் தோலும் கலந்த ஈரக்கழிவு. அதனை அப்படியே பையிலிட்டாற் காளான் வாராது. புழுவும் நாற்றமுமே வரும். அத்தகைய கழிவுக்குக் கூட்டெருக் குழியே ஏற்ற இடம். காளானுக்கு உரியது காய்ந்த, நார்மிகுந்த கழிவு. இவ்விரண்டையும் வீட்டு வாயிலிலேயே பிரித்து வைக்காதவர்க்கு இத்தொழில் கைகூடாது.

உணவின் மதிப்பைப் பற்றியும் மிகைப்பட உரைப்போர் உளர். காளான் இறைச்சிக்கு நிகர் என்பது விளம்பரப் பேச்சு. 100 கிராம் புதிய சிப்பிக் காளானில் ஏறக்குறைய 90 கிராம் நீரே. புரதம் 3 கிராம் அளவு. அதே எடையுள்ள காய்ந்த பயறு 20 கிராமுக்கு மேல் தரும். ஆகவே பயற்றை விட்டுக் காளானைப் பற்றுதல் அறிவுடைமையாகாது. சோற்றோடும் பயற்றோடும் சேர்த்து உண்பதே பயன். ஆயினும் நறுக்கிச் சிறிதுநேரம் வெயிலிற் பரப்பினால் அதில் வைற்றமின் டி உண்டாகும் என்பது உண்மை; மரக்கறியுணவில் அரிதாகக் கிடைக்கும் சத்து அது.

அச்சம் ஒன்று எஞ்சி நிற்கின்றது. சங்ககாலத்து இல்லத்தாள் சுவரில் முளைத்ததைத் தொடாதிருந்தாள் எனின் அவள் செய்தது நன்றே. நச்சுக்காளானைக் கண்டறிய வெள்ளிக் கரண்டி கறுக்கும், அரிசி நிறமாறும், பூச்சி கடித்திருந்தால் உண்ணலாம் என்றெல்லாம் வழங்கும் சோதனைகள் யாவும் பொய். கொடிய நஞ்சுகள் சில, கொதிக்கவைத்தாலும் அழியாதவை. உண்டு ஆறு மணிநேரத்துக்கும் மேலாகியே வாந்தியும் பேதியும் தொடங்கும். பின் நலமடைந்ததுபோலத் தோன்றும். அதற்குள் ஈரல் அழிந்துகொண்டிருக்கும். தென்கிழக்காசியாவிலிருந்து வட அமெரிக்காவிற் குடியேறிய குடும்பங்கள், தாய்நாட்டில் உண்டுபழகிய வைக்கோற் காளானின் முட்டையென்று எண்ணி, மரணக்குடை என்னும் நச்சுக்காளானைப் பறித்துண்டு உயிரிழந்ததுண்டு. இரண்டும் இளமையில் ஒரே தோற்றம். வாங்கிய வித்தை இட்டு, வைத்த பையில், வைத்த இனமே முளைத்தது என்று கண்டு பறிப்பவருக்கு இந்த ஐயம் இல்லை. பையின் அருகே வேறொன்று தானே முளைத்திருப்பின் அதனைப் பிடுங்கி எறிதல் வேண்டும்.

மூன்றாம் முறை பறித்தபின் பையில் மிஞ்சுவது எடைகுறைந்து, கையாற் பிசைந்தால் உதிரும் கரும்பழுப்புச் சக்கை. மண்புழு அதனை விரும்பி உண்ணும். வாழையடியிலும் கத்தரிப் பாத்தியிலும் இடுவோர் உண்டு. பையின் பொலித்தீனை மட்டும் கழுவி வேறாக வைத்தல் வேண்டும். அதனை உண்ணும் காளானை வீட்டிற் பழக்கும் காலம் இன்னும் வரவில்லை.